அத்தியாயம் 5: ஒருமுறை இறக்கு, பலருக்குக் கொடு – டொக்கர் வழியே இயந்திரக் கற்றல்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில், 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வளாகத்துக்குள் இருக்கும்வரை மாணவருக்கு இணையம் பெரிய தலையிடி இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு கைகொடுக்கிறது. சிக்கல் வீட்டுக்குப் போனபின் தொடங்கும். ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ துணுக்காயிலோ கைபேசியை ஹொட்ஸ்பொட் ஆக்கி, காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் இயந்திரக் கற்றல் நூலகமான பைடோர்ச்சை நிறுவத் தொடங்கினால், ஒரே கட்டளையில் 2 ஜிபிக்கு மேல் கரைந்துவிடும். அடுத்த வாரம் ஒரு பொதி இன்னொன்றோடு ஒத்துப்போக மறுக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டிவரும்.

ஒருவர் கணினியில் ஓடிய நிரல் மற்றவர் கணினியிலும் அப்படியே ஓடும் என்பதைத்தான், இந்தச் சிக்கலுக்கு வழியான டொக்கர் கொள்கலன்களின் முதற்பயனாக எல்லோரும் சொல்வார்கள். வன்னியில் அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருவர் ஒருமுறை இறக்கியதை, டேட்டா செலவில்லாமல் ஊரில் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். இந்த அத்தியாயம் அந்தப் பயனை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

கொள்கலன் என்ன செய்கிறது?

மெய்நிகர் இயந்திரம் என்பது உங்கள் கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியைப் போல இயங்குவது. அதற்குத் தனி இயங்குதளம் வேண்டும், ரேமிலும் தனிப் பங்கு வேண்டும். கொள்கலன் இலேசானது. எல்லாக் கொள்கலன்களும் ஒரே லினக்ஸ் கேர்னலைப் பகிர்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தன் கோப்புகளும் தன் செயல்களும் மட்டுமே தெரியும். இதைச் சாத்தியமாக்கும் நேம்ஸ்பேஸ், சிகுரூப் என்ற இரண்டு வசதிகளும் லினக்ஸுக்குள்ளேயே இருப்பவை. சிகுரூப் 2008 இல் கேர்னலில் சேர்ந்தது. 2013 இல் வெளிவந்த டொக்கர், இவற்றைச் சாதாரண நிரலாளரும் கையாளும்படி சில கட்டளைகளுக்குள் அடக்கியது.

இரண்டு சொற்களைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பைதன், பைடோர்ச் முதலிய எல்லாம் சேர்த்துக் கட்டி உறையவைத்த தொகுப்பு இமேஜ். அதை ஓடவிடும்போது கிடைப்பது கொள்கலன். இமேஜ் விதைநெல் என்றால் கொள்கலன் பயிர். பயிர் அழிந்தால் மறுபடி விதைத்துக்கொள்ளலாம். விதைநெல்லைத்தான் காக்க வேண்டும்.

பதிப்புகள் மோதும் சிக்கலுக்கு ஒரு சான்று: 2024 ஜூனில் பைதனின் எண்கணிப்பு நூலகமான நம்பை 2.0 வெளிவந்ததும், முந்தைய வரிசைக்காகத் தொகுக்கப்பட்டிருந்த பல பொதிகள் அதனோடு ஓட மறுத்தன. பதிப்பு எண்ணைக் குறிக்காமல் நிறுவியவர்களின் நிரல்கள், ஒரு வரியும் மாற்றாமலே உடைந்தன. இமேஜுக்குள் உறைந்திருக்கும் நம்பை அப்படித் தானாக மாறாது.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

ரேம்: 8 ஜிபி இருந்தால் வேலை நடக்கும், 16 ஜிபி வசதி. 4 ஜிபி லப்டொப்பில் விண்டோஸையும் டொக்கரையும் ஒன்றாக ஓட்ட முயல வேண்டாம். அதில் உபுண்டுவை நேரடியாக நிறுவிப் பாருங்கள்.

வட்டு: 40 ஜிபியாவது வெறுமையாக இருக்கட்டும். சி வட்டு நிறைந்திருந்தால், டொக்கர் டெஸ்க்டொப்பின் அமைப்புகளில் வட்டுக் கோப்பின் இடத்தை டி வட்டுக்கு மாற்றலாம். இமேஜ்களை இறக்குமுன்பே மாற்றிவிடுவது நல்லது.

மெய்நிகராக்கம்: விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சிபியூவைச் சொடுக்குங்கள். வேர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று அங்கே தெரியும். இல்லையென்றால் பயோஸுக்குள் போய் இயக்க வேண்டும். இன்டெல் கணினிகளில் அது விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டி கணினிகளில் எஸ்விஎம் என்றும் இருக்கும். பழைய லப்டொப் வாங்கியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

டொக்கரை நிறுவுதல்

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 என்ற லினக்ஸ் அடித்தளம் முதலில் வேண்டும். நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து ‘டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டோல்’ என்று கொடுங்கள். உபுண்டுவும் சேர்ந்து இறங்கும். கணினியை மீள இயக்கியபின் டொக்கர் டெஸ்க்டொப்பை நிறுவுங்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் அது இலவசம். இந்த இறக்கங்களை வளாகத்திலேயே முடித்துவிடுங்கள். டொக்கர் டெஸ்க்டொப்பின் நிறுவற் கோப்பையும் பென் டிரைவில் போட்டு வைத்தால் அடுத்தவருக்கு உதவும்.

டபிள்யூஎஸ்எல் பொதுவாகக் கணினி ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி கணினியில் 4 ஜிபி. போதாவிட்டால், உங்கள் பயனர் கோப்புறையில் ‘.டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக்’ என்ற கோப்பில் மெமரி அளவை 5 அல்லது 6 ஜிபி ஆக்குங்கள். அதற்குமேல் போனால் விண்டோஸ் மூச்சுத்திணறும்.

உபுண்டுவை நேரடியாகப் பாவிப்பவர்கள் டொக்கர் எஞ்சினை நிறுவி, தங்கள் பயனர் பெயரை டொக்கர் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும்.

சோதிக்க ‘டொக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட்’ என்று கொடுங்கள். வாழ்த்துச் செய்தி வந்தால் எல்லாம் சரி.

இமேஜை வளாகத்தில் கட்டுங்கள்

பயிற்சிக்கு நெல் இலைப் படங்களை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்து வயல்களில் 2021 இல் கைபேசியால் எடுத்த படங்களைக் கொண்டு உருவான ‘பெடி டொக்டர்’ என்ற தொகுதி காகிள் தளத்தில் இருக்கிறது. பயிற்சிக்கென 10,407 படங்கள் அதில் உண்டு. ஒன்பது வகைப் பாதிப்புகளும் நலமான இலையுமாகப் பத்து வகைகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. எரிபந்தமும் கபிலப் புள்ளியும் அவற்றுள் அடங்கும்.

திட்டத்துக்கு ஒரு கோப்புறை திறந்து, அதற்குள் எளிய ஆங்கிலப் பெயர்களோடு மூன்று உட்கோப்புறைகள் வையுங்கள்: படங்களுக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று, பயிற்சி விளைவுகளுக்கு ஒன்று. விண்டோஸ்காரர்கள் இதை உபுண்டுவின் வீட்டுக் கோப்புறைக்குள் வைப்பது நல்லது. சி வட்டில் வைத்து லினக்ஸ் பக்கத்திலிருந்து வாசித்தால், ஆயிரக்கணக்கான சிறு படங்களைத் திறப்பது மிக மெதுவாக நடக்கும்.

அடுத்தது டொக்கர்ஃபைல். இமேஜ் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்ற குறிப்புகள் கொண்ட எளிய எழுத்துக் கோப்பு அது. வரிகளின் ஒழுங்கு முக்கியம்:

1. ‘ஃப்ரொம்’ வரி. அடிப்படை இமேஜாகப் பைதன் 3.11 ஸ்லிம் போதும். முழுப் பைதன் இமேஜைவிட இது பல மடங்கு சிறியது. ‘லேட்டஸ்ட்’ என்ற அடையாளத்தைத் தவிருங்கள். இன்று ஒன்றையும் நாளை வேறொன்றையும் அது குறிக்கும்.

2. ‘வேர்க்டிர்’ வரி. கொள்கலனுக்குள் வேலை நடக்கும் கோப்புறை.

3. ‘கொப்பி’ வரி. தேவையான பொதிகளின் பட்டியலை மட்டும் உள்ளே எடுங்கள். ஒவ்வொரு பொதிக்கும் பக்கத்தில் பதிப்பு எண் இருக்க வேண்டும்.

4. ‘ரன்’ வரி. பிப் மூலம் அந்தப் பொதிகளை நிறுவுதல். பைடோர்ச், டோர்ச்விஷன், ஜூபிட்டர்லாப் ஆகியவை இங்கே வரும்.

நிரலை இமேஜுக்குள் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். டொக்கர் ஒவ்வொரு வரியையும் ஒரு அடுக்காகச் சேமிக்கிறது. ஒரு வரி மாறினால் அதற்குக் கீழுள்ள எல்லா அடுக்குகளும் மறுபடி கட்டப்படும். நிரலை மேலே கொப்பி செய்துவிட்டுப் பொதிகளைக் கீழே நிறுவினால், நிரலில் ஓர் எழுத்தைத் திருத்தியதற்குப் பைடோர்ச் முழுவதும் மறுபடி இறங்கும். டேட்டா வீணாவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

இன்னொரு பெரிய மிச்சம் பைடோர்ச்சில் இருக்கிறது. லினக்ஸில் வெறுமனே நிறுவினால் என்விடியாவின் குடா நூலகங்களும் கூடவே வரும். உங்கள் கணினியில் என்விடியா ஜிபியூ இல்லையென்றால் அவை முழுச் சுமை. பைடோர்ச் தளத்தின் நிறுவற் பக்கத்தில் சிபியூ என்று தெரிவு செய்தால் ஓர் இண்டெக்ஸ் முகவரி கிடைக்கும். அதை பிப் கட்டளையில் சேர்த்தால், 2 ஜிபிக்கு மேல் வரவேண்டியது சில நூறு எம்பியோடு முடியும்.

இனி ‘டொக்கர் பில்ட் -டி நெல்-பாடம்:1 .’ என்று கொடுங்கள். கடைசிப் புள்ளி தற்போதைய கோப்புறையைக் குறிக்கும். அதை விட்டுவிட்டால் கட்டளை ஓடாது.

இமேஜ் இறங்கும்போது அளவுக்கதிகமான கோரிக்கை என்ற பிழை வந்தால், டொக்கர் ஹப் தளத்தின் வரம்பு குறுக்கிட்டிருக்கிறது. கணக்கில்லாமல் இறக்குவோரை அது ஐபி முகவரி வைத்து எண்ணுகிறது. வளாகத்தில் பலர் ஒரே முகவரியின் பின்னால் இருப்பதால் வரம்பு விரைவில் முட்டும். இலவசக் கணக்கு ஒன்று திறந்து ‘டொக்கர் லொகின்’ கொடுங்கள்.

பென் டிரைவில் வீட்டுக்கு

இந்த அத்தியாயத்தின் மையப்பகுதி இதுதான். கட்டிய இமேஜை ‘டொக்கர் சேவ் -ஓ நெல்.டார் நெல்-பாடம்:1’ என்ற கட்டளை ஒரே கோப்பாக்கித் தரும். அதை ஜிஸிப் கொண்டு சுருக்கினால் இன்னும் சிறிதாகும். பெறுபவர் தன் கணினியில் ‘டொக்கர் லோட் -ஐ நெல்.டார்’ என்று கொடுத்தால் போதும். இணையமே தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 ஜிபி இறக்கத்தை 30 மாணவர் தனித்தனியே செய்தால் 90 ஜிபி. ஒருவர் இறக்கி மற்றவர்களுக்குக் கொடுத்தால் அதே 3 ஜிபியோடு முடிந்தது.

கவனிக்க வேண்டியவை சில:

- பென் டிரைவ் ஃபாட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் வடிவில் ஃபோர்மட் செய்யுங்கள்.
- கோப்பின் ஷா-256 எண்ணை ஒரு சிறு எழுத்துக் கோப்பில் எழுதிக் கூடவே வையுங்கள். பெறுபவர் தன் பக்கத்தில் கணித்து ஒப்பிட்டால், இடையில் பழுதானதா என்று தெரிந்துவிடும்.
- டொக்கர்ஃபைலையும் பொதிப் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பெறுபவர் அறிய வேண்டும்.
- யார் கட்டியது என்று தெரியாத இமேஜை லோட் செய்து ஓட்ட வேண்டாம்.
- ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகள் ஆர்ம் வகையின. மற்ற லப்டொப்புகளுக்காக அங்கே கட்டுவதானால், பிளட்ஃபோர்ம் என்பதை லினக்ஸ்/ஏஎம்டி64 என்று குறிக்க வேண்டும்.

படத்தொகுதியையும் இதேபோல் ஸிப் கோப்பாக எடுத்துச் செல்லுங்கள். இமேஜுக்குள் படங்களைத் திணிக்காதீர்கள். நிரல் மாறும், படங்கள் கூடும், இமேஜ் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

வீட்டில் ஓட்டுதல்

‘டொக்கர் ரன்’ கட்டளை நீளமாகத் தெரியும். பகுதி பகுதியாகப் பார்த்தால் பயமில்லை:

- ‘-ஐடி’: கொள்கலனோடு விசைப்பலகையால் பேச.
- ‘--ஆர்எம்’: வேலை முடிந்ததும் கொள்கலன் தானாக நீங்க.
- ‘--புல்=நெவர்’: இமேஜ் கணினியில் இல்லையென்றால் இணையத்தில் தேடாமல் நின்றுவிட. தட்டச்சுப் பிழையொன்றால் டேட்டா கரையாமல் இது காக்கும்.
- ‘-வி’: உங்கள் திட்டக் கோப்புறையைக் கொள்கலனுக்குள் இணைக்க. இதற்குள் எழுதுவது மட்டுமே நிலைக்கும். வேறெங்கு எழுதினாலும் கொள்கலனோடு போய்விடும்.
- ‘-பி 127.0.0.1:8888:8888’: ஜூபிட்டரை உங்கள் உலாவியில் திறக்க. முன்னாலுள்ள 127.0.0.1 இருந்தால், அதே வைஃபையில் உள்ள வேறு எவரும் உள்ளே வர முடியாது.
- ‘--சிபியூஸ் 3’: எத்தனை கோர் என்று வரம்பிட. ஏப்ரல் வெயிலில், விசிறிக் காற்றில் ஓடும் லப்டொப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு கோரை விட்டுவைப்பது நல்லது.

கொள்கலனுக்குள் ஜூபிட்டரைத் தொடங்கும்போது ஐபி 0.0.0.0 என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், உலாவிக்கு எட்டாது.

8 ஜிபி லப்டொப்பில் முழு மாதிரியையும் அடியிலிருந்து பயிற்றுவிக்க நினைக்காதீர்கள். முன்பே பயிற்றுவித்த ரெஸ்நெட்-18 அல்லது மொபைல்நெட் வி3 சிறிய வகையை எடுத்து, கடைசி அடுக்கை மட்டும் பத்து வகைகளுக்கு மாற்றிப் பயிற்றுங்கள். படங்களை 224×224 அளவுக்குக் குறைத்து முன்கூட்டியே சேமித்து வைத்தால் ஒவ்வொரு சுற்றும் விரைவாகும். முன்பயிற்சி எடைகளை டோர்ச்விஷன் முதல்முறை இணையத்திலிருந்து எடுக்கும். ‘டோர்ச்_ஹோம்’ (இதை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்) என்ற சூழல் மாறியை இணைத்த கோப்புறைக்குள் சுட்டிவிட்டு, அந்த முதல் ஓட்டத்தை வளாகத்திலேயே செய்துவிடுங்கள். இல்லையென்றால் கொள்கலன் நீங்கும் ஒவ்வொரு தடவையும் எடைகளும் போகும்.

மின்வெட்டைத் தாங்கும் பயிற்சி

2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. மழைக்காலக் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுவது வன்னிக் கிராமங்களுக்குப் புதிதல்ல. ஆகவே பயிற்சி எந்த நிமிடத்திலும் நிற்கும் என்று வைத்தே நிரலை எழுதுங்கள்.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் நிலையைச் சேமியுங்கள். மாதிரியின் எடைகள் மட்டும் போதாது. ஒப்டிமைசரின் நிலையும் சுற்று எண்ணும் வேண்டும். இவை இல்லாமல் தொடர்ந்தால் பயிற்சி தடம் புரளும். சேமிக்கும்போது முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, எழுதி முடிந்தபின் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். நேரடியாகப் பழைய கோப்பின்மேல் எழுதும்போது கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நிரல் தொடங்கும்போது சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கிருந்தே தொடரட்டும்.

மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் கட்டாயம். லப்டொப்பின் பற்றரி பழசானால், அது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை ஒருமுறை அளந்து, அந்த நேரத்துக்குள் ஒரு சுற்றாவது முடியும்படி வேலையைப் பிரியுங்கள்.

ஜிபியூ இருந்தால்

என்விடியா ஜிபியூ உள்ள ஆய்வுகூடக் கணினி கிடைத்தால், குடாவோடு கூடிய பைடோர்ச் இமேஜைத் தனியே கட்டுங்கள். அது பல ஜிபி வரும். விண்டோஸில் வழமையான என்விடியா டிரைவர் மட்டும் போதும். உபுண்டுவுக்குள் இன்னொரு டிரைவரை நிறுவினால் கெடும். நேரடி லினக்ஸில் டிரைவரோடு என்விடியா கொன்டெய்னர் டூல்கிட்டும் வேண்டும். ஓட்டும்போது ‘--ஜிபியூஸ் ஆல்’ என்று சேர்த்து, உள்ளே ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கொடுத்துப் பாருங்கள். அட்டையின் பெயர் தெரிந்தால் இணைப்பு சரி.

வழமையான கோளாறுகள்

பஸ் எரர் என்று வந்து பயிற்சி நிற்கிறது: டொக்கர் பகிர்நினைவகத்துக்கு 64 எம்பி மட்டுமே ஒதுக்கும். ‘--எஸ்ஹெச்எம்-சைஸ்’ மூலம் 1 ஜிபி ஆக்குங்கள், அல்லது டேட்டாலோடரின் வேர்க்கர் எண்ணிக்கையைப் பூச்சியமாக்குங்கள்.

கில்ட் என்ற ஒரே சொல்லோடு நிற்கிறது: ரேம் தீர்ந்தது. ஒரு தடவைக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை 32 இலிருந்து 16 அல்லது 8 ஆகக் குறையுங்கள்.

விளைவுக் கோப்புகளை அழிக்க முடியவில்லை: லினக்ஸில் கொள்கலன் எழுதியவை ரூட் பயனருக்கு உரியவையாகும். ஓட்டும்போது ‘--யூசர்’ மூலம் உங்கள் பயனர் எண்ணைக் கொடுங்கள்.

மெலிந்த இணைப்பில் இமேஜ் இறங்கும்போது அடிக்கடி அறுகிறது: டொக்கர் ஒரே நேரத்தில் மூன்று அடுக்குகளை இறக்கும். எஞ்சின் அமைப்பில் ‘மக்ஸ்-கொன்கரன்ட்-டவுன்லோட்ஸ்’ என்பதை 1 ஆக்குங்கள்.

வட்டு நிறைகிறது: ‘டொக்கர் சிஸ்டம் டிஎஃப்’ எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று காட்டும். நின்றுபோன கொள்கலன்களை மட்டும் அழிக்க ‘டொக்கர் கொன்டெய்னர் புரூன்’ போதும். பல கையேடுகள் சொல்லும் ‘சிஸ்டம் புரூன் -ஏ’ கட்டளை, ஓடாமலிருக்கும் எல்லா இமேஜ்களையும் சேர்த்து அழித்துவிடும். டார் கோப்பு பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று உறுதி செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

விளைவை நம்புமுன்

திருநெல்வேலிப் படங்களில் நல்ல மதிப்பெண் எடுத்த மாதிரி, இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலிலும் அப்படியே சரியாகச் சொல்லும் என்று எண்ண வேண்டாம். நெல்லினம் வேறு, வெளிச்சம் வேறு, கைபேசி வேறு. நம் விவசாயிகளை வருத்தும் கபிலத் தத்தியின் சேதம் அந்தப் பத்து வகைகளில் இல்லவே இல்லை. அப்படியொரு வயலின் படத்தைக் கொடுத்தாலும், மாதிரி தெரிந்த பத்தில் ஒன்றைத்தான் சொல்லும். காலபோகத்திலும் சிறுபோகத்திலும் நீங்களே படமெடுத்து, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிப் பெயரிட்டு, அவற்றைச் சோதனைக்கென்று தனியே வையுங்கள். அந்தப் படங்களில் கிடைக்கும் மதிப்பெண்ணே உண்மையான மதிப்பெண். மாதிரி சொன்னதை மட்டும் நம்பி எவருக்கும் மருந்து அடிக்கச் சொல்லாதீர்கள்.

இந்த அத்தியாயத்தின்படி இமேஜைக் கட்டி முடித்தவர்கள், டார் கோப்பு, டொக்கர்ஃபைல், டொக்கர் நிறுவற் கோப்பு மூன்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, உங்கள் துறை ஆய்வுகூடத்திலும் ஊர்ப் பாடசாலையின் கணினி ஆசிரியரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவையுங்கள். அடுத்து வருபவர் இணையத்துக்குக் காசு தேடாமல் நேரே பாடத்தைத் தொடங்கட்டும்.